ஃபோர் வீல் விழவில்லையா? மூன்று பூட்டுகளைப் பாருங்கள்

(பண்ணை வானொலிப் பேச்சு)



சிறுமலை வாழைத்தாரானாலும், தாண்டிக்குடி காப்பியானாலும், கொல்லிமலை மிளகானாலும், நீலகிரி கேரட்டானாலும், விளைந்தது தோட்டத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் காசு. அந்த நடுவழி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை முழுக்கச் சேறு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்த நேரத்தில் வண்டியின் பின் சக்கரம் மட்டும் இழுத்தால் போதாது, முன் சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்காகத்தான் ஃபோர் வீல் ஜீப்பும், ஃபோர் வீல் பிக்கப்பும் வாங்குகிறோம்.

ஆனால் பல பேர் வருஷத்தில் பத்து மாதம் அதைத் தொடுவதே இல்லை. மழை பிடித்த பிறகு ராடைத் தள்ளினால், "விழமாட்டேங்குது", "விழுந்தது, ஆனா முன் சக்கரம் இழுக்கமாட்டேங்குது" என்கிறார்கள். உடனே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கோளாறு பெட்டிக்கு வெளியிலேயே இருக்கலாம். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலையில் பெரும்பகுதியை நீங்களே வீட்டு வாசலில் செய்துவிடலாம். அது எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

முன் ஜோடி மாடும் மூன்று பூட்டும்

பாரம் அதிகமானால் வண்டிக்கு முன்னால் இன்னொரு ஜோடி மாடு கட்டுவது நம் வழக்கம். ஃபோர் வீலும் அப்படித்தான். பின் சக்கரம் எப்போதும் இழுக்கிற ஜோடி. முன் சக்கரம் வேண்டும்போது மட்டும் பூட்டுகிற ஜோடி.

எஞ்சினின் பலம் கியர் பாக்ஸுக்கு வருகிறது. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு நீள ஷாஃப்ட் பின் ஹவுசிங்குக்கும், இன்னொரு ஷாஃப்ட் முன் ஹவுசிங்குக்கும் போகின்றன. முன் ஹவுசிங்கில் இருக்கிற கிரவுன், பலத்தை இடது, வலது என்று இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது.

இந்த வழியில் பூட்டுகிற இடம் மூன்று. முதல் பூட்டு டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் இருக்கிறது. ராடைத் தள்ளினால் பல் வைத்த ஒரு வளையம் நகர்ந்து முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பிணைக்கிறது. இரண்டாவது பூட்டு முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப். மூன்றாவது பூட்டு சில வண்டிகளில் மட்டும் உண்டு. முன் ஹவுசிங்கின் ஒரு பக்கத்தில், வேக்குவத்தாலோ மின்சாரத்தாலோ நகருகிற வளையம் அது. எல்லா வண்டியிலும் மூன்றும் இருக்காது. உங்கள் வண்டியில் எவை இருக்கின்றன என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இருக்கிற பூட்டில் ஒன்று விழாவிட்டாலும் முன் ஜோடி இழுக்காது.

ஹப் பூட்டு எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பட்டாளத்துக்காகச் செய்த ஜீப்புகள், போர் முடிந்ததும் ஊர் ஜனங்கள் கைக்கு வந்தன. நம் நாட்டிலும் 1940களின் கடைசியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனி ஜீப்பைப் பூட்டித் தர ஆரம்பித்தது. நல்ல ரோட்டில் ஓடும்போது முன் ஷாஃப்டும் கிரவுனும் வேலையில்லாமல் சுற்றித் தேய்ந்தன, எண்ணெயும் வீணானது. இதற்காக முன் சக்கரத்தைக் கழற்றிவிடுகிற ஹப்பைச் செய்து விற்றவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் 1948-ல் தொழில் தொடங்கிய ஆர்தர் வார்ன். இன்றைக்கும் பல வண்டிகளில் அந்த மாதிரிதான்.

முதலில், கோளாறு உண்மையில் இருக்கிறதா?

"ஃபோர் வீல் போட்டேன், ஆனா நாலு சக்கரமும் சுத்தல, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுதான் சுத்துது" என்று சிலர் சொல்லுவார்கள். அது கோளாறு இல்லை. வாய்க்காலில் ஒரு மடை உடைந்தால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் போய்விடுகிறதல்லவா? கிரவுனும் அப்படித்தான். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அதைத்தான் சுற்றிவிடும். முன்னால் ஒரு சக்கரமாவது எஞ்சின் பலத்தில் சுற்றினால் ஃபோர் வீல் விழுந்திருக்கிறது என்றே அர்த்தம்.

இதே காரணத்தால் இன்னொன்றையும் மனசில் வையுங்கள். ஒரு பக்கத்து ஹப் பூட்டி, மறுபக்கத்து ஹப் பூட்டாமல் இருந்தால் பாதி இழுவையாவது கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பலம் எல்லாம் பூட்டாத பக்கத்து ஷாஃப்டைச் சும்மா சுற்றுவதில் போய்விடும். இழுவை சுத்தமாகக் கிடைக்காது.

முன்னால் எரிகிற விளக்கையும் முழுக்க நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அந்த விளக்கு டிரான்ஸ்ஃபர் பெட்டியில் உள்ள சுவிட்சுக்கு மட்டும் சொந்தம். பெட்டிக்குள் பூட்டு விழுந்ததா என்று சொல்லுமே தவிர, ஹப் பூட்டியதா என்று சொல்லாது. சுவிட்ச் கெட்டிருந்தால் ஃபோர் வீல் விழுந்தும் விளக்கு எரியாமல் இருக்கலாம்.

சோதனையை மண் தரையிலோ உழுத காட்டிலோ செய்யுங்கள். தார் ரோட்டிலோ சிமெண்டுக் களத்திலோ செய்யக்கூடாது. ஏன்? வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் போகிற தூரம் அதிகம், பின் சக்கரம் போகிற தூரம் குறைவு. ஃபோர் வீலில் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கு ஏறிக்கொண்டே போய் ராடை வெளியே எடுக்க முடியாமல் போகும், பல்லும் உடையலாம்.

வண்டிக்கு அடியில் ஒரு சோதனை

இது ராடு போட்டு, கையால் ஹப் திருப்புகிற வண்டிகளுக்கு. ஜாக்கி வேண்டாம், ஸ்பானர் வேண்டாம்.

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது யாரும் அடியில் போகக் கூடாது. இது கண்டிப்பு.

இரண்டு ஹப்பையும் 'ஃப்ரீ'யில் வையுங்கள். ராடை 2எச்-இல், அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற நிலையில் வையுங்கள். அடியில் போய் முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் கனமாக இருந்தாலும் சுற்ற வேண்டும். இப்போது வெளியே வந்து ராடை 4எச்-இல் போடுங்கள். மறுபடி ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். சிறிது ஆட்டம் மட்டும் இருக்கலாம், சுற்றக் கூடாது. சுற்றவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பூட்டு நன்றாக இருக்கிறது. சுற்றினால், கோளாறு ராடிலோ பெட்டிக்குள்ளோ இருக்கிறது.

அடுத்து, ராடைத் திரும்ப 2எச்-க்குக் கொண்டு வாருங்கள். இரண்டு ஹப்பையும் 'லாக்'கில் திருப்புங்கள். மறுபடி முன் ஷாஃப்டைச் சுற்றுங்கள். இப்போதும் சுற்றக் கூடாது. ஏனென்றால் இரண்டு சக்கரமும் தரையில் நிற்கின்றன, ஷாஃப்ட் அவற்றோடு கட்டப்பட்டிருக்கிறது. இன்னும் சுற்றினால் ஒரு ஹப்பாவது பூட்டவில்லை, அல்லது உள்ளே ஆக்சில் உடைந்திருக்கிறது.

ஹப்பே இல்லாமல், முன் சக்கரம் எப்போதும் ஆக்சிலோடு சேர்ந்தே இருக்கிற வண்டியானால் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை வைத்து நிறுத்துங்கள். 2எச்-இல் அந்தச் சக்கரம் கையால் சுற்றும். 4எச்-இல் சுற்றக் கூடாது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள்.

கோளாறு எந்தப் பக்கம் என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராடு விழாவிட்டால்

பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் ராடு உள்ளே போகாது. முரட்டுத்தனமாக உதைத்துத் தள்ளாதீர்கள். வண்டியை நேராக, மெதுவாக ஓடவிட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளச்சை மிதித்து ராடைத் தள்ளுங்கள். 4எல் என்கிற லோ கியருக்கு வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். அப்போதும் விழவில்லையானால் ஒரு அடி முன்னாலோ பின்னாலோ நகர்த்தி மறுபடி முயலுங்கள். இரண்டு ராடு வைத்த பழைய ஜீப்புகளில் முன் சக்கர ராடைப் போடாமல் லோ ராடு விழாது. அது கோளாறு இல்லை, பின் ஆக்சிலைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு.

டயரையும் பாருங்கள். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர், அல்லது வேறு வேறு அளவு என்றால் நேர் பாதையில்கூட ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு ராடு இறுகிவிடும். நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். காற்றும் சொன்ன அளவில் இருக்க வேண்டும்.

அடுத்தது ராடுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இணைப்புக் கம்பிகள். இங்கேதான் சேறு போய் அடைந்து, காய்ந்து, செங்கல் மாதிரி ஆகிவிடுகிறது. பின் கழன்று விழுந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், துரு பிடித்திருக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ராடை ஆட்ட, இன்னொருவர் அடியில் பார்க்க வேண்டும். ராடு முழுக்கப் போகிறது, பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி பாதிதான் நகர்கிறது என்றால் குற்றம் இணைப்பில். தண்ணீர் பீச்சிக் கழுவி, எண்ணெய் விட்டு, தேய்ந்த புஷ்ஷை மாற்றினால் தீர்ந்தது. கம்பி முழுக்க நகர்ந்தும் ஷாஃப்ட் பூட்டவில்லை என்றால் மட்டும் பெட்டிக்குள்ளே தள்ளுகிற ஃபோர்க் தேய்ந்திருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. அது பட்டறை வேலை.

பெட்டியின் எண்ணெயையும் பாருங்கள். சமதரையில் நிரப்புகிற நட்டைக் கழற்றினால் எண்ணெய் வாய் விளிம்பு வரை இருப்பதுதான் பொதுவான அளவு. ஓடையில் இறங்கி வந்த வண்டியானால் தண்ணீர் புகுந்து எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கும். அப்படியிருந்தால் உடனே மாற்ற வேண்டும். சில பெட்டிக்குக் கெட்டியான கியர் ஆயில், சிலவற்றுக்கு மெல்லிய ஆட்டோமேட்டிக் ஆயில். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை ஊற்றாமல் புத்தகத்தில் போட்டிருப்பதை ஊற்றுங்கள்.

ஹப் பூட்டாவிட்டால்

ஹப்பின் திருகு 'லாக்' வரைக்கும் முழுக்கப் போக வேண்டும், இரண்டு பக்கமும் போக வேண்டும். பாதியில் நின்றால் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்புங்கள், பல் உட்கார்ந்துவிடும். கொறடா போட்டு, பைப் ரிஞ்ச் போட்டு முறுக்காதீர்கள். உடைவது திருகுதான்.

கையால் திரும்பவில்லை என்றால் ஹப்பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும், அல்லது தண்ணீர் புகுந்து துருவாகியிருக்கும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாகக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். "நிறைய வச்சா நல்லது" என்று ஹப் நிறைய கிரீஸ் அடைத்தால் உள்ளே நகர வேண்டிய வளையம் நகராது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் பழைய கதைதான்.

சில வண்டியில் ஹப் தானாகவே பூட்டிக்கொள்ளும். ஃபோர் வீல் போட்டு வண்டி கொஞ்ச தூரம் நகர்ந்தால்தான் பூட்டு விழும். நின்ற இடத்தில் விழுந்ததா என்று பார்க்கக் கூடாது. அது கழல்வதற்கும், 2எச்-க்கு மாற்றிய பிறகு சில அடி நேராகப் பின்னால் வர வேண்டும்.

வேக்குவக் குழாயும் எலியும்

முன் ஹவுசிங்கில் வேக்குவத்தால் பூட்டுகிற வண்டி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சின்ன ரப்பர் குழாய்களை. எஞ்சின் சூட்டில் அவை வெடிக்கும். மாட்டுக் கொட்டகைப் பக்கம், வைக்கோல் போர் பக்கம் வண்டி நின்றால் எலி கடித்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டுக் குழாயை நுனியிலிருந்து நுனி வரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, கடி, கழன்ற நுனி இருந்தால் அந்தக் குழாயை மாற்றினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டீசல் வண்டியில் அதே வேக்குவம் பம்பிலிருந்துதான் பிரேக்குக்கும் உறிஞ்சல் போகிறது. பிரேக் பூஸ்டருக்குப் போகிற பெரிய குழாயை நீங்கள் தொட வேண்டாம். ஃபோர் வீலும் விழவில்லை, பிரேக்கும் கல்லாக இருக்கிறது என்றால் வேக்குவமே போதவில்லை என்று அர்த்தம். அந்த வண்டியை மலையில் இறக்காதீர்கள். பட்டறைக்காரரை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.

சுவிட்ச் வைத்த புது வண்டிகள்

இப்போது வருகிற பல பிக்கப் வண்டிகளில் ராடே இல்லை. சுவிட்சைத் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்ன மோட்டார் பூட்டைத் தள்ளுகிறது. இதற்குக் காதுதான் முதல் கருவி. அமைதியான இடத்தில் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, சுவிட்சைத் திருப்பிக் கேளுங்கள். அடியில் 'கிர்' என்று மோட்டார் சத்தம் கேட்டால் மின்சாரம் வந்து சேருகிறது. ஒன்றுமே கேட்கவில்லையானால் ஃபியூஸ், ரிலே, பேட்டரி, எர்த் ஒயர், மோட்டாருக்குப் போகிற பிளக் என்று வரிசையாகப் பாருங்கள். அந்தப் பிளக் சேறடிக்கிற இடத்தில் இருக்கிறது. பச்சைப் பாசி பிடித்திருந்தால் சுத்தம் செய்து, காயவைத்து மாட்டுங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி விட்டால் ஒயர் எரியும், வண்டியும் எரியும்.

விளக்கு மினுக்மினுக்கென்றால் பூட்டு விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் நிலையாக எரியும். விடாமல் மினுக்கினால் பூட்டு விழவில்லை. லோ கியருக்கு வண்டி நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சில வண்டியில் கிளச்சோ பிரேக்கோ மிதித்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வண்டி கேட்காது. இதையெல்லாம் செய்தும் மினுக்கினால், அதற்கென்று கருவி வைத்திருக்கும் பட்டறையில் காட்டுங்கள்.

உயிர் போகிற விஷயம் ஒன்று

இதைக் கவனமாகக் கேளுங்கள். ஹை கியரிலிருந்து லோ கியருக்கு ராடு போகும்போது நடுவில் ஒரு நியூட்ரல் உண்டு. ராடு அங்கே நின்றுவிட்டால், வண்டி முதல் கியரில் இருந்தாலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் அற்றுப்போகும். சரிவில் நிற்கிற வண்டி அப்படியே உருண்டுவிடும். பின்னால் மூட்டை மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே ஏற்றத்தின் நடுவிலோ இறக்கத்தின் நடுவிலோ ஃபோர் வீல் போடப் பார்க்காதீர்கள். சரிவு தொடங்குவதற்கு முன்பே, சமமான இடத்தில், காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு போடுங்கள். பத்தடி ஓட்டி, விழுந்ததா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஃபோர் வீல் விழாத வண்டியைப் பாரத்தோடு சேற்று இறக்கத்தில் விடாதீர்கள். லோ கியரில் நாலு சக்கரமும் எஞ்சினால் பிடித்து நிறுத்தப்பட்டு மெதுவாக இறங்குகிற வண்டி வேறு, பின் சக்கரம் மட்டும் பிடித்து வழுக்குகிற வண்டி வேறு. பாதி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடையாகப் போவது நஷ்டமில்லை.

ராடு 4எச்-இல் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை என்றால், மண் தரையில் நேராகப் பத்துப் பதினைந்து அடி பின்னால் வாருங்கள். முறுக்கு விட்டு ராடு லேசாகிவிடும்.

மாதம் ஒரு நாள்

மழை இருக்கட்டும், வெயில் இருக்கட்டும், மாதம் ஒரு தடவை மண் பாதையில் ஃபோர் வீலைப் போட்டு அரை கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஹப், ராடு, மோட்டார் எல்லாம் அசைந்து கொடுக்கும், எண்ணெய் உள்ளே பரவும், துரு பிடிக்காது. சேற்றில் போய் வந்த அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். புரட்டாசி முடிவதற்குள் நான் சொன்ன அடிச் சோதனையை ஒரு முறை செய்துவிடுங்கள்.

பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்று வந்தாலும், "ஃபோர் வீல் வேலை செய்யல" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது 4எச் போட்டாலும் முன் ஷாஃப்ட் சுத்துது, கம்பி முழுசா நகருது" என்று சொல்லுங்கள். கைதேர்ந்த மெக்கானிக்குக் கோளாறு பெட்டிக்குள் என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிடும். வேண்டாத இடத்தைப் பிரிக்கிற கூலியும் உங்களுக்கு மிச்சம்.

நம் மலைக் கிராமங்களில் இந்த வண்டி காய்கறி ஏற்றுகிறது, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறது, நடு ராத்திரியில் பிரசவ வலி எடுத்தவரையும் ஏற்றுகிறது. அன்றைக்கு ராடைத் தள்ளினால் விழ வேண்டும். அதற்கு இன்றைக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.